இருட்டில் ஒளிரும் கட்டை: உண்மையில் ஒளிர்வது எது?

ஆனி, ஆடி மாதங்களில் வால்பாறைப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால், வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றத் தொடங்கிவிடும். கும்மிருட்டுக் காடு, நடுவே பச்சை ஒளி வீசும் ஒரு பட்ட மரக்கட்டை, சில படங்களில் அதன்மேல் சின்னச் சின்னக் காளான் குடைகள். படத்துக்குக் கீழே ஆளுக்கொரு விளக்கம் வரும். "கட்டையில பாஸ்பரஸ் ஏறியிருக்குதுங்க" என்பார் ஒருவர். "மின்மினி முட்டை வெச்சிருக்கும்" என்பார் இன்னொருவர். "சித்தருங்க சொன்ன சோதி மரம் இதுதானுங்க, மருந்துக்கு ஆகும்" என்று ஒரு குரல். "எங்க அப்பாரு காலத்துல இதைத்தான் கொள்ளிவாய்ப் பிசாசுன்னாங்க" என்று மற்றொன்று.

நான்குமே சரியில்லை. விளக்கம் தவறாக இருந்தால் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் மருந்து என்று நம்புகிறவர் காளானைப் பறித்து வாயில் போடத் துணிகிறார். அதிசய மரம் என்று நம்புகிறவர் கட்டையை வெட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிறார், அது காய்ந்து அணைந்துபோகிறது. பிசாசு என்று நம்புகிறவர் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறார். மூவருக்குமே கண்முன்னால் இருந்த ஓர் அருமையான விஷயம் கைநழுவிப் போகிறது.

ஒளிர்வது கட்டை இல்லை. கட்டைக்குள் இருந்துகொண்டு அதைத் தின்று வாழும் ஒரு பூஞ்சை. அது உயிரோடு இருந்து சுவாசிக்கும்வரை ஒளிரும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த அவ்வளவுக்குள் நிறைய இருக்கிறது.

பாஸ்பரஸ் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுவோம்

பாஸ்பரஸ் என்ற பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. வெண்பாஸ்பரஸ் என்ற பொருள் காற்றுப் பட்டால் மங்கலாக ஒளிரும். 1669ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் சிறுநீரைக் காய்ச்சி அதைப் பிரித்தெடுத்தபோது உலகமே வியந்தது. அன்றிலிருந்து இருட்டில் எது ஒளிர்ந்தாலும் பாஸ்பரஸ் என்று சொல்வது பழக்கமாகிவிட்டது.

ஆனால் வெண்பாஸ்பரஸ் இயற்கையில் தனியாகக் கிடைப்பதே இல்லை. கடும் நச்சு, வெயில் சூட்டுக்கே தீப்பிடித்துக்கொள்ளும் பொருள் அது. மரத்திலும் மண்ணிலும் நம் எலும்பிலும் இருப்பது பாஸ்பேட், அதாவது ஆக்சிஜனோடு ஏற்கெனவே இறுகச் சேர்ந்துவிட்ட பாஸ்பரஸ். அது ஒளிராது. தோட்டத்துச் சாளையில் டிஏபி உர மூட்டை அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு இதை நிரூபிக்கவே வேண்டாம். அந்த மூட்டை நிறைய பாஸ்பேட்தான், ஆனாலும் ராத்திரியில் அதைத் தேட டார்ச் வேண்டியிருக்கிறது.

இருட்டில் ஒளிர்வது மூன்று விதம்

குழந்தைகள் அறைச் சுவரில் ஒட்டும் நட்சத்திர ஸ்டிக்கர், பகல் வெளிச்சத்தையோ டியூப்லைட் வெளிச்சத்தையோ வாங்கி வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். சேமித்தது தீர்ந்ததும் அணைந்துவிடும். இதற்குப் பெயர் நின்றொளிர்தல்.

இரண்டாவது, புற ஊதா விளக்கின் கீழ் மட்டும் பளிச்சென்று தெரிவது. ரூபாய் நோட்டின் எண்கள் அந்த விளக்கில் ஒளிரும், விளக்கை நகர்த்தினால் அந்தக் கணமே மறையும். இது உடனொளிர்தல்.

மூன்றாவது, வெளிச்சமே படாமல், வேதிவினையால் மட்டும் பிறக்கும் ஒளி. இந்த வேதிவினை ஓர் உயிருக்குள் நடந்தால் அதை உயிரொளிர்தல் என்கிறோம். மின்மினி, சில கடல் உயிர்கள், நம் காட்டுக் கட்டையில் உள்ள பூஞ்சை எல்லாம் இந்த வகை. பூஞ்சை பகலில் வெளிச்சம் வாங்கிச் சேர்த்து வைப்பதில்லை. நாள் கணக்கில் இருட்டறையில் பூட்டி வைத்தாலும், ஈரமும் காற்றும் உணவும் இருந்தால் ஒளிர்ந்துகொண்டே இருக்கும்.

தேர்த் திருவிழா வளையல்

வேதிவினையிலிருந்து ஒளி வரும் என்பதை நம்பச் சிரமமாக இருந்தால், கோனியம்மன் தேருக்கோ பண்ணாரி குண்டத்துக்கோ போனபோது கடையில் தொங்கிய ஒளிரும் வளையலை நினைத்துப் பாருங்கள். வாங்கும்போது அது வெறும் பிளாஸ்டிக் குழாய். மடக்கினால் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், உடனே ஒளி வரும். அந்தச் சத்தம், உள்ளே இருக்கும் மெல்லிய கண்ணாடிக் குழல் உடைகிற சத்தம். குழலுக்குள் ஒரு திரவம், வெளியே இன்னொரு திரவம். இரண்டும் கலந்ததும் வேதிவினை நடக்கிறது. அதில் வெளிப்படும் ஆற்றல் சூடாக வராமல் ஒளியாக வருகிறது. கையில் போட்டால் சுடுவதில்லை. குளிர்ந்த இடத்தில் வைத்தால் வினை மெதுவாகி ஒளி மங்கும். திரவம் தீர்ந்தால் வளையல் குப்பை.

பூஞ்சையிலும் இதே கதைதான் நடக்கிறது. இரண்டு பொருள்கள் சேர்கின்றன, சூடில்லாத ஒளி வருகிறது. ஒரே ஒரு பெரிய வித்தியாசம்: வளையலில் ஒருமுறை ஊற்றி அடைத்த திரவம்தான். பூஞ்சையோ தனக்கு வேண்டிய பொருளைத் தானே தயாரிக்கிறது, தீரத் தீர மறுபடி செய்துகொள்கிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவு: கட்டையின் ஒளி சேமித்து வைத்த ஒளி இல்லை, பாஸ்பரஸும் இல்லை. ஓர் உயிருக்குள் நடக்கும் வேதிவினை. அந்த உயிர் எது, எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் அடுத்தது.

கட்டைக்குள் இருப்பவர்

காளான் என்றதும் நாம் நினைப்பது குடையை. ஆனால் குடை அந்த உயிரின் ஒரு பகுதிதான், அதுவும் சில நாள் மட்டும் தலைகாட்டும் பகுதி. விதைக்குப் பதிலாக வித்துத்தூள் என்ற நுண்ணிய தூளைப் பரப்புவதற்காகவே அது வெளியே வருகிறது. நிஜ உடம்பு மரத்துக்குள், மண்ணுக்குள், தலைமயிரைவிட மெல்லிய இழைகளாகப் பரவியிருக்கும். இந்த இழைப் பின்னலுக்கு மைசீலியம் என்று பெயர்.

மைசீலியத்தைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் காளான் வளர்ப்புப் பயிற்சி எடுத்துவிட்டு, வீட்டோரக் கொட்டகையில் சிப்பிக்காளான் போட்டிருப்பவர்கள் நம் பக்கம் ஏராளம். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வைக்கோலை வேகவைத்துப் பாலித்தீன் பையில் அடைத்து வித்து போட்டதும் குடை முளைத்துவிடாது. முதலில் பை முழுக்கப் பஞ்சு போல வெள்ளையாகப் படரும். அதுதான் மைசீலியம். வைக்கோலைத் தின்று, உடம்பு தேறி, பிறகுதான் பையில் போட்ட ஓட்டை வழியாகக் காளான் எட்டிப் பார்க்கும். சிப்பிக்காளான் ஒளிராது. ஆனால் காட்டுக் கட்டைக்குள் ஒளிர்வதும் இதே மாதிரி ஓர் உடம்புதான்.

குடையே இல்லாமல் கட்டை மட்டும் ஒளிரும் புதிருக்கும் இதுவே விடை. சில இனங்களில் குடை, தண்டு, இழை எல்லாமே ஒளிரும். சிலவற்றில் குடை மட்டும். சிலவற்றில் இழை மட்டும். ஆர்மிலேரியா என்ற பூஞ்சைக் கூட்டத்தில் இழைதான் ஒளிர்கிறது, அது விடும் காளான் ஒளிர்வதில்லை. அப்படிப்பட்ட பூஞ்சை ஏறிய கட்டையைப் பார்க்கிறவர் கண்ணுக்குக் காளானே தெரியாது. மரமே ஒளிர்கிறது என்று அவர் நினைப்பதில் ஆச்சரியமில்லை.

உலகம் முழுக்கச் சுமார் ஒன்றரை லட்சம் பூஞ்சை இனங்களுக்கு இதுவரை பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒளிர்வதாகத் தெரிந்தவை 100க்குச் சற்று மேல்தான். அத்தனையும் குடைக்காளான்கள் அடங்கிய ஒரே வரிசையைச் சேர்ந்தவை. ரொட்டியில் பிடிக்கும் பூசணம், கருவாட்டில் பூக்கும் பூசணம் எதுவும் இதில் சேராது.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயிகளுக்காக இடையில் ஒரு குறிப்பு. தூரில் சாறு வடிந்து, பிறகு பலகை போலக் கெட்டியான காளான் முளைத்தால் அது கானோடெர்மா. தஞ்சாவூர் வாடல் நோய் என்று சொல்கிறோமே, அதை உண்டாக்குவது. அது ஒளிராது, ஒளிருமா என்று இரவில் காத்திருக்கவும் வேண்டாம். உடனே வேளாண் அலுவலரைக் கூப்பிட வேண்டிய விஷயம்.

மரத்தைத் தின்பது எளிதல்ல

மரக்கட்டையில் முக்கியமாக இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று செல்லுலோஸ், வெள்ளை நார். பஞ்சு கிட்டத்தட்ட முழுக்க இதுதான். மற்றது லிக்னின், அந்த நார்களை இறுக்கிப் பிடித்து மரத்துக்கு விறைப்பும் பழுப்பு நிறமும் தரும் பொருள். செல்லுலோஸைத் தின்ன எத்தனையோ உயிர்கள் உண்டு. லிக்னினை முழுமையாக உடைப்பது மிகச் சிலரால்தான் முடியும். அதில் கைதேர்ந்தவை சில பூஞ்சைகள்.

லிக்னின் போனதும் பழுப்பும் போய்விடும், கட்டை வெளுத்து, மெத்தென்று நார் நாராக உரியும். இதை வெண் அழுகல் என்பார்கள். ஒளிரும் பூஞ்சைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வெண் அழுகல் கூட்டம்தான். சிப்பிக்காளானும் இதே கூட்டம்.

சோலைக்காட்டில் ஒரு பெரிய மரம் சாய்ந்தால் அதற்குள் பூட்டிக் கிடக்கும் சத்தையெல்லாம் மண்ணுக்குத் திருப்பித் தருவது இவர்கள் வேலை. இவர்கள் இல்லையென்றால் விழுந்த மரங்களின் மேல் விழுந்த மரங்களாகக் காடு அடைத்துக்கொண்டு கிடக்கும். 'வீணாப் போன கட்டை' என்று நாம் ஒதுக்குவது உண்மையில் மும்முரமாக வேலை நடக்கிற இடம்.

ஒளி பிறக்கும் விதம்

1880களில் பிரான்சைச் சேர்ந்த ரஃபேல் துபுவா, ஒளிரும் வண்டுகளையும் கடல் சிப்பிகளையும் வைத்துச் சோதனை செய்து, உயிரொளிக்கு இரண்டு பொருள்கள் வேண்டும் என்று காட்டினார். ஒன்று, ஒளி தரும் மூலப்பொருள். அதற்கு லூசிஃபெரின் என்று பெயரிட்டார். மற்றது, அந்த மூலப்பொருள் ஆக்சிஜனோடு சேரும் வினையை நடத்தி வைக்கும் நொதி. நொதி என்பது உடலுக்குள் ஒரு குறிப்பிட்ட வேதிவினையை வேகமாக முடித்துக் கொடுக்கும் புரதம். இந்த நொதிக்கு லூசிஃபெரேஸ் என்று பெயர்.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். லூசிஃபெரின் என்பது ஒரே ஒரு பொருளின் பெயர் இல்லை. மின்மினியின் லூசிஃபெரின் வேறு, கடல் உயிர்களுடையது வேறு, பூஞ்சையுடையது வேறு. ஒளி தரும் மூலப்பொருள் எதுவானாலும் அந்தப் பொதுப்பெயர்தான். பூஞ்சையின் லூசிஃபெரின் எது என்பது ரொம்ப காலம் பிடிபடவே இல்லை. 2015ல்தான் ரஷ்ய விஞ்ஞானிகள் முன்னின்ற ஒரு குழு அதை உறுதி செய்தது. அடுத்து 2018ல், அதைத் தயாரிக்கும் மரபணுக்களையும் வரிசையாகக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நடப்பது இதுதான். பூஞ்சையிடம் காஃபிக் அமிலம் என்ற எளிய பொருள் இருக்கிறது. தாவரங்களிலும் சர்வ சாதாரணமாக இருப்பது. காப்பியில் தூக்கத்தைக் கெடுக்கும் கஃபீன் வேறு, இது வேறு. நொதிகள் இந்தக் காஃபிக் அமிலத்தைப் படிப்படியாக மாற்றி லூசிஃபெரினாக ஆக்குகின்றன. லூசிஃபெரேஸ் அதைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்க்கிறது. சேர்ந்து உண்டாகும் பொருள் நிலையாக நிற்காமல் உடனே உடைகிறது. உடையும்போது கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும், பச்சை ஒளியும் வெளிவருகின்றன. எஞ்சிய துண்டை இன்னொரு நொதி வெட்டி, மறுபடியும் காஃபிக் அமிலமாக்கிவிடுகிறது. வட்டம் திரும்பத் தொடங்குகிறது.

ஒளி 520 முதல் 530 நானோமீட்டர் அலைநீளத்தில் வரும், அதாவது பச்சை. எந்த இனத்தை எடுத்தாலும் ஏறத்தாழ இதே பச்சைதான். ஓர் இனத்தின் லூசிஃபெரினை இன்னோர் இனத்தின் லூசிஃபெரேஸோடு கலந்தாலும் ஒளி வருகிறது. ஆகவே எல்லாப் பூஞ்சைகளும் ஒரே முறையைத்தான் கையாள்கின்றன என்று தெரிகிறது. பூஞ்சைகளின் குடும்பத்தில் இந்த வித்தை சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தோன்றி, பல கிளைகளில் பிறகு தொலைந்துபோனதாக மரபணு ஆய்வுகள் சொல்கின்றன.

தாவரத்தில் காஃபிக் அமிலம் ஏற்கெனவே இருப்பதால் ஒரு சுவையான விளைவு உண்டானது. பூஞ்சையின் ஒளி மரபணுக்களைப் புகையிலைச் செடிக்குள் வைத்ததும், வெளியிலிருந்து எதையும் ஊற்றாமலே செடி தானாக ஒளிர்ந்தது. 2020ல் அந்த ஆய்வு வெளியானது. 2024ல் இதே முறையில் உருவான ஒளிரும் பெட்டூனியாச் செடியை அமெரிக்காவில் விற்கவே தொடங்கிவிட்டார்கள்.

சுருக்கமாக: கட்டையைத் தின்னும் பூஞ்சை, தன் உடம்பிலுள்ள காஃபிக் அமிலத்தை லூசிஃபெரினாக்கி, ஆக்சிஜனோடு சேர்த்துப் பச்சை ஒளி விடுகிறது. ஆக்சிஜன் இல்லையென்றால் ஒளி இல்லை.

பாயிலின் கண்ணாடிக் குடுவை

ஆக்சிஜன் என்ற பெயரே பிறக்காத காலத்தில் ஒருவர் இதைக் கண்டுகொண்டார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. 1667ல் இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் ஒளிரும் கட்டைத் துண்டு ஒன்றைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து, பம்பினால் காற்றை உறிஞ்சினார். கட்டை மங்கி அணைந்தது. காற்றைத் திரும்ப விட்டதும் ஒளி திரும்பியது. அதோடு விடவில்லை. எரியும் கரிக்கங்கையும் அதேபோல வைத்துப் பார்த்தார். காற்று போனதும் கங்கு அணைந்தது, காற்றைத் திரும்ப விட்டும் உயிர் வரவில்லை. கங்கு சுட்டது, கட்டை சுடவில்லை. இரண்டுக்கும் காற்று வேண்டும், ஆனால் இரண்டும் ஒன்றில்லை என்று அடுக்கடுக்காக எழுதி வைத்தார். கட்டைக்குள் பூஞ்சை இருப்பது அவருக்குத் தெரியாது. அது தெளிவாக 19ஆம் நூற்றாண்டு ஆனது.

குளிரின் கதை இன்னொன்று. 1775ல் அமெரிக்க விடுதலைப் போரின்போது டேவிட் புஷ்னெல் என்பவர் ஒரே ஆள் உட்காரும் நீர்மூழ்கி ஒன்றைச் செய்தார். உள்ளே விளக்கேற்றினால் இருக்கிற கொஞ்சக் காற்றையும் தீ தின்றுவிடும். அதனால் திசைகாட்டியும் ஆழம் காட்டும் கருவியும் தெரிவதற்கு ஒளிரும் கட்டைத் துண்டுகளைப் பொருத்தினார்கள். பனிக்காலம் வந்ததும் கட்டை ஒளிர மறுத்துவிட்டது. உறையும் குளிரில் பூஞ்சையின் வேதிவினை நடக்கவில்லை.

எதற்காக ஒளிர்கிறது?

இந்தக் கேள்விக்கு இன்னும் ஒரே பதிலில் ஆய்வாளர்கள் வந்து நிற்கவில்லை.

பிரேசிலில் பனைமரங்களின் அடியில் வளரும் நியோனோத்தோபானஸ் கார்ட்னெரி என்ற காளானை வைத்து 2015ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதன் ஒளி பகலும் இரவும் ஒரே அளவில் இல்லை, இரவில்தான் கூடுகிறது, உடம்புக்குள் ஓடும் ஒரு கடிகாரம் அதைக் கட்டுப்படுத்துகிறது என்று காட்டினார்கள். பிறகு பிசினில் போலிக் காளான்கள் செய்து, சிலவற்றுக்குள் பச்சை எல்இடி வைத்துக் காட்டில் விட்டார்கள். ஒளிர்ந்த போலிகளுக்கு அதிகப் பூச்சிகள் வந்தன. காற்றோட்டம் குறைந்த அடர்காட்டில் வித்துத்தூளைச் சுமந்து செல்லப் பூச்சிகளை அழைக்கிறது என்பது அவர்கள் கருத்து.

நல்ல விளக்கம்தான். ஆனால் ஆஸ்திரேலியாவில் வேறோர் ஒளிரும் காளானில் இதேபோலச் சோதித்தபோது பூச்சிகள் கூடுதலாக வரவில்லை. அப்புறம், இழை மட்டும் ஒளிரும் ஆர்மிலேரியாவுக்கு இந்த விளக்கம் பொருந்துமா? ஒளிரும் இழையில் பரப்புவதற்கு வித்துத்தூளே இல்லையே. லிக்னினை உடைக்கும்போது உண்டாகும் கெடுதலான ஆக்சிஜன் பொருள்களைச் சமாளிப்பதில் பக்க விளைவாக வரும் ஒளி என்று சிலர் கருதுகிறார்கள். எல்லா இனத்துக்கும் ஒரே காரணம் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது: ஒன்றில் பூச்சியை அழைக்கும் ஒளி, மற்றொன்றில் வெறும் பக்க விளைவாகவே நின்றிருக்கலாம்.

ஆனைமலை மின்மினியும் பிசாசும்

2022ல் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் மின்மினிகள் கோடிக்கணக்கில் கூடி, ஒரே தாளத்தில் மின்னிய காட்சி செய்திகளில் வந்தது. அதைப் பார்த்த பிறகு, காட்டில் எது ஒளிர்ந்தாலும் மின்மினிதான் என்ற எண்ணம் நம் பக்கம் வலுத்துவிட்டது.

இரண்டையும் பிரித்தறிவது சுலபம். மின்மினி விட்டுவிட்டு மின்னும். தன் இணையைத் தேடி அது விடும் சைகை அது. பூஞ்சை மின்னாது, அசையாமல் நிலையாக ஒளிரும். தரையில் ஊரும் மின்மினிப் புழுவும் ஒளிரும்தான், ஆனால் அது சின்னப் புள்ளி, கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் நகரும். கட்டை முழுக்கத் திட்டுத் திட்டாக, வெடிப்புகளை ஒட்டி ஒளி படர்ந்திருந்தால் அது பூஞ்சை.

கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெரியவர்கள் சொன்னது வேறு சங்கதி. சதுப்பிலும் குளக்கரையிலும் தரைக்கு மேலே மிதந்து, தோன்றி மறையும் சுடர் அது. அழுகும் பொருள்களிலிருந்து எழும் வாயு பற்றிக்கொள்வதாக அதைப் பொதுவாக விளக்குவார்கள். பூஞ்சை ஒளி காற்றில் மிதக்காது, பின்னால் துரத்தி வராது.

படத்தில் பளிச், நேரில் மங்கல்

படத்தைப் பார்த்துவிட்டு நேரில் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவதற்குக் காரணம் கேமரா. அந்தப் படங்கள் கேமராவின் கண்ணை அரை நிமிடம், சில சமயம் பல நிமிடங்கள் திறந்து வைத்து எடுத்தவை. சிறுகச் சிறுக வரும் ஒளியையெல்லாம் கேமரா சேர்த்து வைத்துக்கொள்ளும். நம் கண்ணால் அப்படிச் சேர்க்க முடியாது.

நிறமும் அப்படித்தான். மங்கல் ஒளியில் நம் கண்ணில் வேலை செய்யும் செல்கள் வெளிச்சத்தை உணரும், நிறத்தைப் பிரிக்காது. அதனால் பச்சையாக இல்லாமல், சாம்பல் கலந்த வெள்ளையாக, நிலா வெளிச்சம் விழுந்த மாதிரித் தெரியும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை அலைபேசித் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நேராக உற்றுப் பார்ப்பதைவிடச் சற்றுப் பக்கவாட்டில் பார்த்தால் நன்றாகத் தெரியும். இருட்டை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லாமல் ஓரங்களில் நிறைந்திருப்பதே காரணம்.

கொங்கு நாட்டில் எந்தப் பக்கம்?

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில், கேரளம், கோவா, மகாராஷ்டிரம் எங்கும் மழைக்காலத்தில் ஒளிரும் பூஞ்சைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த மலையின் கிழக்குச் சரிவில், மழை மறைவில் கிடப்பதுதான் நம் சமவெளி. பல்லடத்திலோ காங்கயத்திலோ வேலியோரக் கட்டையில் தேடிப் பயனில்லை. அங்கே கட்டை காய்ந்து விறகாகுமே தவிர, வாரக்கணக்கில் ஈரம் தங்காது.

வேண்டியது நாள் கணக்கில் விடாத ஈரம், நிழல், மட்கும் மரம். வால்பாறை மேட்டுநிலத்தில் இவை மூன்றும் உண்டு. சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக மழைக்காடு நிற்கிறது. டாப்ஸ்லிப், சிறுவாணிப் பக்கத்து ஈரக் காடுகளும் இதே மலைத்தொடர். தென்மேற்குப் பருவமழை நன்றாக ஊறிய பிறகு, நிலவில்லாத இரவுதான் ஏற்ற நேரம்.

ஆனால் இதைப் பார்க்க இரவில் காட்டுக்குள் போகாதீர்கள். புலிகள் காப்பகத்துக்குள் இரவில் நுழைய அனுமதியில்லை. வால்பாறையில் யானையும் சிறுத்தையும் தேயிலைச் செடிகளுக்கு இடையிலேயே நடமாடுகின்றன. மலையில் சொந்தக்காரர் வீடோ தங்கும் விடுதியோ இருந்தால், அதன் பின்கட்டில் மழையில் கிடக்கும் பழைய கட்டைகளை விளக்கணைத்துவிட்டுப் பாருங்கள், போதும்.

பறிக்கலாமா, தின்னலாமா?

தின்னக் கூடாது. ஒளிர்வதற்கும் மருந்துக் குணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளரும் ஓம்ஃபலோடஸ் என்ற ஒளிரும் காளான் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். உண்ணத்தக்க வேறொரு காளான் என்று நினைத்து அதைச் சமைத்து அவதிப்பட்டவர்கள் உண்டு. பெயர் தெரியாத காட்டுக் காளானைச் சோதித்துப் பார்க்க நாக்கு ஏற்ற கருவி இல்லை.

கட்டையை எடுத்து வருவதும் வேண்டாம். காப்பகத்துக்குள்ளிருந்து எடுப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, கொண்டுவந்து என்ன செய்ய? கோவை வெயிலில் கட்டை காயும், பூஞ்சை ஒடுங்கும், ஒளி போய்விடும்.

சொந்தத் தோட்டம் மலையில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விழுந்த மரத்தையெல்லாம் அள்ளி அடுப்புக்கு அனுப்பிவிடாமல், ஓடையோரத்தில் நிழலான இடமாகப் பார்த்து ஒன்றிரண்டைக் கிடக்க விடுங்கள். ஒளிரும் பூஞ்சை வருமென்று உத்தரவாதம் இல்லை. ஆனால் அது வருவதற்கு அப்படிப்பட்ட இடம்தான் ஏற்றது.

பார்த்துவிட்டால் என்ன குறிப்பது?

இரவுப் படம் மட்டும் இருந்தால் எந்த இனம் என்று யாராலும் சொல்ல முடியாது. மறுநாள் பகலில் அதே கட்டையை மறுபடி படம் எடுங்கள். காளான் இருந்தால் குடையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டு மூன்றும் தெரிய வேண்டும். அடியில் தகடு தகடாக இருக்கிறதா, துளைத் துளையாக இருக்கிறதா என்பதை முக்கியமாகப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் கிடைக்கும் ஃபிலோபொலீட்டஸ் என்ற ஒளிரும் காளானுக்கு அடியில் துளைகள், மைசீனா வகைக்குத் தகடுகள். என்ன மரம், மூங்கிலா, எத்தனை நாளாக மழை, குடை ஒளிர்ந்ததா கட்டை ஒளிர்ந்ததா என்பதையும் எழுதி வையுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றினால் காளான் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். ஏற்றும்போது இடத்தின் துல்லியமான புள்ளியை மறைத்துவிடுங்கள், அந்தத் தளத்திலேயே அதற்கு வசதி இருக்கிறது.